சீசன் டிக்கெட்டும் ஆறடிப் பாட்டும்: மின்சார ரயிலில் சங்கக் கவிதை படிப்பது எப்படி

கூடுவாஞ்சேரியில் ஏறி நுங்கம்பாக்கத்தில் இறங்குகிறேன், பதினோரு வருஷமாக, பெரும்பாலும் ஒரே லேடீஸ் பெட்டியில். வேலை கணக்குப் பிரிவில். கடந்த இரண்டு வருஷமாக வாரத்துக்கு ஒரு சங்கப் பாட்டு என்று ரயிலிலேயே படித்து மனப்பாடம் செய்து வருகிறேன், நடுவில் விட்டுப்போன வாரங்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் ஐம்பது பாட்டுபோலத் தேறும். கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: அந்தக் கூட்டத்தில் எப்படி? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால் ஒரே மூச்சில் எழுதி வைக்கிறேன். நான் தமிழாசிரியை இல்லை. பிளஸ் டூவோடு தமிழ்ப் பாடம் முடிந்தது, அப்புறம் பி.காம். ஆகவே இது படித்தவர் படிக்காதவருக்குச் சொல்லித்தருவது அல்ல, நின்றுகொண்டு போகிறவர் நின்றுகொண்டு போகிறவருக்குச் சொல்வது.

முதலில், ரயிலில் எது நடக்காது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாவல் நடக்காது. தாம்பரத்தில் ஒரு கூட்டம் ஏறும், கிண்டியில் ஒரு கூட்டம் இறங்கும், இரண்டுக்கும் நடுவில் யாராவது "கொஞ்சம் உள்ள போம்மா" என்று முதுகில் கைவைப்பார்கள், நாவலில் யார் யாருக்கு அத்தை என்பது அந்த நிமிஷமே மறந்துபோகும். வீடியோ பாடங்களும் நடக்காது. நான் ஒரு வருஷம் எக்செல், டேட்டா என்று போனிலேயே படித்து இரண்டு சான்றிதழ் வாங்கினேன். அலுவலகத்தில் கேட்டார்கள், கொடுத்தேன், அத்தோடு சரி, இன்றைக்கு அதில் என்ன படித்தாய் என்று கேட்டால் அந்தப் பாடம் எடுத்தவரின் சட்டை நிறம்தான் ஞாபகத்தில் இருக்கிறது. ரயில் நமக்கு ஒரு மணி நேரம் தருவதுபோலத்தான் தெரியும், உண்மையில் அது தருவது இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம் என்று சில்லறையாகத்தான். சில்லறைக்கு ஏற்ற சாமானைத்தான் வாங்க முடியும்.

அதனால்தான் குறுந்தொகை, சங்ககாலக் காதல் பாட்டுத் தொகுப்பு. மொத்தம் 401 பாட்டு, பாட்டுக்கு நான்கு அடியிலிருந்து எட்டு அடி வரை. ஒரு பாட்டை முழுசாக ஒரு தடவை சொல்ல அரை நிமிஷம்கூட ஆகாது, ஆனால் அதற்குள் ஒரு ஆள், ஒரு இடம், ஒரு பொழுது, ஒரு சங்கடம் எல்லாம் இருக்கும். திருக்குறள் இன்னும் சின்னதாயிற்றே என்பீர்கள். சின்னதுதான், ஏழே சீர்தான் (சீர் என்றால் தாளத்துக்கு ஏற்பப் பிரித்த ஒரு துண்டு). ஆனால் நம்மில் பலருக்குக் குறள் என்றாலே மனப்பாடப் பகுதி, அடி பிறழாமல் எழுதுக, பத்து மார்க் என்றுதான் மனசு ஓடும், அந்தப் பழக்கத்தைப் போக்கவே ஒரு வருஷம் வேண்டும். நான் குறளைப் பின்னால் வைத்துக்கொண்டேன். நீங்கள் உங்கள் இஷ்டம்.

ஒன்றாம் பாட்டிலிருந்து வரிசையாகப் போகாதீர்கள், பத்தாவது பாட்டுக்குள் விட்டுவிடுவீர்கள். எனக்குச் சரிப்பட்ட வரிசை 40, 3, 28, 167, 234. நாற்பது செம்புலப் பெயல்நீர், பாதி ஏற்கெனவே காதில் விழுந்திருக்கும், அதனால் முதல் வாரம் தோற்க மாட்டீர்கள். 167-இல் கட்டித் தயிரைப் பிசைந்த விரலை உடுத்தியிருக்கிற துணியிலேயே துடைத்துக்கொண்டு, தாளிக்கிற புகை கண்ணில் ஏற, ஒருத்தி புளிக்குழம்பு வைக்கிறாள். காலையில் நான்கு டப்பா கட்டிவிட்டு ரயிலுக்கு ஓடி வருகிறவர்களுக்கு அதற்கு உரை வேண்டியதில்லை.

புத்தகம் வாங்குவதானால் உ.வே. சாமிநாதையர் பதிப்பைப் பாருங்கள். 1937-இல் வந்தது, அப்போது அவருக்கு 82 வயது. பழைய காலத்தில் பேராசிரியர் என்ற பெயருள்ள உரைகாரர் 380 பாட்டுக்கும் நச்சினார்க்கினியர் மீதி 20 பாட்டுக்கும் உரை எழுதினார்கள் என்று சொல்வார்கள், அந்த உரை நம் கைக்கு வந்து சேரவில்லை, ஆகவே ஐயரே பதவுரை, விளக்கம் எல்லாம் எழுதிச் சேர்த்தார். கெட்டிப் புத்தகம், ரயிலுக்குத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், வீட்டில் இருக்கட்டும். காசு செலவழிக்காமல் படிக்க தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் மூலமும் உரையும் கிடைக்கும், மதுரைத் திட்டம் என்கிற இணைய நூலகத்தில் மூலம் கிடைக்கும். வாட்ஸப்பில் வருவதை மட்டும் நம்பவே கூடாது. பூப்படம் போட்டு "சங்கப் பாடல்" என்று வந்த ஒன்றை நான் ஒரு வாரம் முழுக்க உருப்போட்டு, அலுவலகத்தில் இரண்டு பேரிடம் சொல்லியும் காட்டிவிட்டு, அப்புறம் சந்தேகம் வந்து தேடினால் அது எட்டுத்தொகையிலும் இல்லை, பத்துப்பாட்டிலும் இல்லை. இப்போது எந்தப் பாட்டானாலும் இரண்டு இடத்தில் ஒத்துப் பார்க்காமல் எடுப்பதில்லை. பேங்க் ஸ்டேட்மெண்டை நம் புத்தகத்தோடு ஒத்துப் பார்ப்பதற்கு எந்த விதத்திலும் குறைந்த வேலை இல்லை இது.

ஞாயிறு ராத்திரி பாட்டைக் கையால் எழுதிக்கொள்ளுங்கள். போனில் சேமித்து வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள், போதாது. போனை எடுத்தால் முதலில் கண்ணில் படுவது மேனேஜர் ராத்திரி பதினொன்றரைக்கு அனுப்பிய செய்திதான், பாட்டு அல்ல. நான் கேன்சல் ஆன வவுச்சரின் பின்பக்கத்தில் எழுதி, சீசன் வைக்கிற கவரிலேயே செருகிவிடுவேன். இரண்டு விதமாக எழுத வேண்டும், இது முக்கியம். ஒரு பக்கம் புத்தகத்தில் உள்ளபடி சீர் பிரித்து, மறுபக்கம் சொல் பிரித்து. நிறையப் பேர் சங்கப் பாட்டு புரியவில்லை என்று விலகிப்போவதே இங்கேதான், "மயங்கி யோரே" என்று அச்சில் பார்த்ததும் யோரே என்று ஒரு சொல் இருக்கிறது போலிருக்கிறதே என்று மிரண்டுவிடுகிறார்கள். அப்படி எதுவும் இல்லை, அது மயங்கியோரே, தாளத்துக்காக நடுவில் வெட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு பாட்டை வைத்துக்கொண்டு ஒரு வாரத்தைக் காட்டுகிறேன். 234-ஆம் பாட்டு, மிளைப்பெருங்கந்தன் பாடியது:

சுடர்செல் வானம் சேப்பப் படர்கூர்ந்து
எல்லறு பொழுதின் முல்லை மலரும்
மாலை என்மனார் மயங்கி யோரே
குடுமிக் கோழி நெடுநகர் இயம்பும்
பெரும்புலர் விடியலும் மாலை
பகலும் மாலை துணையி லோர்க்கே.

திங்கட்கிழமை பொருள் பார்க்கக் கூடாது. உதடு அசையும் அளவுக்குச் சத்தம் வைத்துச் சொல்லுங்கள், சும்மா, திரும்பத் திரும்ப. லேடீஸ் பெட்டியில் கந்த சஷ்டி கவசம் சொல்கிறவர்களும் ஜெபம் சொல்கிறவர்களும் இருப்பதால் யாரும் உங்களை ஒரு மாதிரியாகப் பார்க்க மாட்டார்கள். இந்தப் பாட்டில் எனக்கு அன்றைக்கே ஒரு சொல் திறந்துகொண்டது. "சேப்ப" என்பதைக் கண்ணால் பார்த்தபோது ஒன்றும் விளங்கவில்லை, வாயால் சொன்னதும் என் பாட்டி "அந்த சேப்புப் புடவைய எடு" என்று சொல்வது காதில் விழுந்தது. சிவக்க, அவ்வளவுதான். அகராதி இல்லாமலே வந்தது.

செவ்வாய்க்கிழமை தெரியாத சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் தேடாதீர்கள். இதை என் தொழிலிலிருந்துதான் எடுத்தேன். டிரையல் பேலன்ஸ், அதாவது பற்றும் வரவும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற பட்டியல், இடிக்கிறது, எங்கே தப்பு என்று தெரியவில்லை என்றால் அந்தத் தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவிட்டு வேலையை நகர்த்துவோம், அப்புறம் தப்பு கிடைத்ததும் அங்கிருந்து எடுத்து உரிய இடத்தில் வைப்போம். சொல்லையும் அப்படித்தான் செய்கிறேன். இந்தப் பாட்டில் என் சஸ்பென்ஸில் போனவை படர், எல், என்மனார். ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்று தேடினால் பாட்டு கையில் தங்காது, சொல்லுக்கு அர்த்தம் மட்டும்தான் மிஞ்சும். இரண்டு நாள் அது என்னவாக இருக்கும் என்று ஊகித்துக்கொண்டே போவதில்தான் படிப்பே நடக்கிறது.

இதில் ஒரு பொறி உண்டு, அதையும் சொல்ல வேண்டும். தெரியாத சொல் ஒன்றும் செய்யாது, தெரிந்த மாதிரி இருக்கிற சொல்தான் கவிழ்க்கும். "நெடுநகர்" என்பதை நான் சஸ்பென்ஸில் போடவே இல்லை, நகர் என்றால் ஊர், மறைமலை நகர், அண்ணா நகர், இதில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். பெரிய ஊர் ஒன்றில் விடியற்காலையில் எங்கெங்கோ சேவல்கள் கூவுகின்றன என்று பக்கத்து சீட் தோழியிடம் விலாவாரியாக விளக்கம் வேறு சொன்னேன். புதன்கிழமை பார்த்தால் சங்கத் தமிழில் நகர் என்பதற்கு வீடு, மாளிகை என்றும் பொருள், இங்கே அந்தப் பொருள்தான் பொருந்துகிறது. அவள் இருப்பது பெரிய வீடு, அந்த வீட்டில் அவள் தனியாக இருக்கிறாள், அங்கேதான் சேவல் கூவுகிறது. ஊர் முழுக்கக் கேட்கிற சேவலுக்கும், ஆளில்லாத பெரிய வீட்டுக்குள் கேட்கிற சேவலுக்கும் எவ்வளவு வித்தியாசம்! தெரிந்த சொல்லாக இருந்தாலும் ஒரு தடவை அகராதியில் பார்த்துவிடுங்கள் என்று அன்றிலிருந்து எனக்கு நானே விதி வைத்திருக்கிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதியாக வெளிவந்தது, சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் அதை இலவசமாகத் தேடலாம்.

புதன்கிழமை சஸ்பென்ஸை உடைக்கிற நாள். காலையில் கிளம்பும் முன்பே உரையைப் பார்த்துவிடுங்கள், ரயிலில் சிக்னலை நம்ப வேண்டாம். படர் என்றால் துன்பம், கூர்தல் என்றால் மிகுதல், எல் என்றால் பகல் வெளிச்சம், என்மனார் என்றால் என்று சொல்வார்கள். இப்போது கூட்டிப் பாருங்கள். சூரியன் போன வானம் சிவக்க, மனசில் துன்பம் ஏற, வெளிச்சம் வற்றும் நேரத்தில் முல்லை பூக்குமே, அதுதான் மாலை என்கிறார்கள் புரியாதவர்கள். கொண்டைச் சேவல் பெரிய வீட்டில் கூவுகிற விடியலும் மாலைதான், பட்டப்பகலும் மாலைதான், துணை இல்லாதவர்களுக்கு.

அந்தப் புதன்கிழமைதான் எங்கள் பெட்டியில் வருகிற பூக்காரம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். தாம்பரத்தில் ஏறி மாம்பலத்தில் இறங்குவார், மடியில் ஈரத் துணிக்குள் பூ, விரல் பாட்டுக்குக் கட்டிக்கொண்டே இருக்கும், கண் ஜன்னலில் இருக்கும்.

"என்னா கண்ணு, வாய்க்குள்ளயே சொல்லிக்கினு வர்ற, சாமி பாட்டா?"

"இல்லம்மா, பழைய பாட்டு. முல்லைப் பூ பத்தி வருது."

"முல்லையா? இன்னா சொல்லுது?"

"வெளிச்சம் போற நேரத்துல மலருதாம்."

"பின்ன? அது சாயங்காலம்தான் வாய் தொறக்கும். அதுக்குள்ளாற மொட்டாவே கட்டி முடிச்சுடணும், விரிஞ்சிட்டா யாரு வாங்குவா? எனக்கு அதான் கடியாரம்."

நான் அதுவரைக்கும் "முல்லை மலரும் மாலை" என்பதை ஒரு அழகுக்காகச் சொன்னது என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தேன். அது அழகுக்கு அல்ல. முல்லை வாய் திறந்தால் மணி இத்தனை என்று பார்க்கிறவர்கள் இருந்திருக்கிறார்கள், இப்போதும் தாம்பரம் வண்டியில் இருக்கிறார்கள். கவிதையில் பூ, பறவை, மீன், மரம் எது வந்தாலும் அதை வைத்துப் பிழைக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உரைகாரர்கள் ஒரு வரியில் தாண்டிப்போவதை அவர்கள் உட்கார்ந்து சொல்வார்கள்.

வியாழக்கிழமை ஒரே ஒரு கேள்விதான்: யார், யாரிடம் சொல்கிறார்கள்? அகப்பாட்டில், அதாவது காதல் பாட்டில், கவிஞர் நம்மிடம் நேராகப் பேசுவதே இல்லை. தலைவி தோழியிடம், தோழி தலைவனிடம், தலைவன் தன் நெஞ்சிடம் என்று யாரோ யாரிடமோ பேசுவதை நாம் பக்கத்தில் நின்று காதில் வாங்குகிறோம். ரயிலில் அடுத்தவர் போனில் பேசுவதை ஒரு பக்கம் மட்டும் கேட்டுக் கதையைக் கட்டுவோமே, அதே திறமைதான் இங்கேயும் வேண்டும், நமக்கு அதில் பயிற்சிக்குக் குறைவே இல்லை. 234-இல் பேசுவது தலைவி, கேட்பது தோழி. மாலை வந்துவிட்டதே, இவள் எப்படித் தாங்குவாள் என்று தோழி கவலைப்படுகிறாள், அதற்குத்தான் இவள் "மாலையாம் மாலை, எனக்கு எது மாலை இல்லை?" என்கிறாள்.

இதில் எனக்கு ஒரு சொந்தச் சந்தேகம் இருக்கிறது, தமிழ் படித்தவர்கள் திருத்தட்டும். பழைய இலக்கண நூலான தொல்காப்பியத்தில் முல்லைத் திணைக்கு (பூ அல்ல, காட்டையும் காத்திருத்தலையும் பாடுகிற பாட்டு வகை) பொழுது சொல்லுமிடத்தில் "காரும் மாலையும் முல்லை" என்று வரும், அதற்கு அடுத்த நூற்பா "குறிஞ்சி, கூதிர் யாமம் என்மனார் புலவர்" என்று முடியும். என்மனார் புலவர் என்பது அந்த நூலில் அடிக்கடி வருகிற முத்திரை, பெரியவர்கள் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்று கையெழுத்துப் போட்டு முடிப்பதுபோல. இந்தப் பெண்ணோ "மாலை என்மனார் மயங்கியோரே" என்கிறாள். புலவர் இருக்க வேண்டிய இடத்தில் மயங்கியோர். வேண்டுமென்றே செய்த குறும்பா, தற்செயலா, எனக்கு நிரூபிக்கத் தெரியாது. ஆனால் பரங்கிமலையில் கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தபோது இது மனசில் தட்டியதும் நான் தனியாகச் சிரித்துவிட்டேன். கோடம்பாக்கம் போனது, நுங்கம்பாக்கமும் போனது, சேத்துப்பட்டில்தான் விழித்துக்கொண்டு இறங்கி எதிர் வண்டி பிடித்தேன். அன்றைக்கு அலுவலகத்தில் லேட் மார்க்.

வெள்ளிக்கிழமை மனப்பாடம். இதற்கு ஸ்டேஷனைப் பயன்படுத்துங்கள். குரோம்பேட்டை வந்தால் முதல் அடி, பல்லாவரம் இரண்டாவது, திரிசூலம் மூன்றாவது, மீனம்பாக்கம் நான்காவது, பழவந்தாங்கல் ஐந்தாவது, பரங்கிமலை ஆறாவது. வண்டி நிற்கும்போது அடியைச் சொல்ல வேண்டும், ஓடும்போது அந்த அடியையே அசைபோட வேண்டும். உங்கள் தடம் வேறாக இருந்தால் உங்கள் ஸ்டேஷன்கள், பஸ்ஸாக இருந்தால் நிறுத்தங்கள். ஒரு மாதத்தில் விசித்திரமான ஒன்று நடக்கும், பாட்டை நினைக்காமலே மீனம்பாக்கம் வந்ததும் சேவல் கூவும். சாயங்காலம் திரும்பும்போது வரிசை தலைகீழாகும், அதையும் முயன்று பாருங்கள், கடைசி அடியிலிருந்து முதல் அடிக்குப் போவது பாட்டை உள்பக்கம் வெளியே திருப்பிப் பார்ப்பதுபோல இருக்கும்.

சரியாகச் சொன்னோமா என்று சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது, இதைக் கண்டுபிடித்தபோது கணக்குப் பிரிவுக்காரியாக எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. குறுந்தொகையில் பெரும்பாலான பாட்டு நேரிசை ஆசிரியப்பா. அதில் எல்லா அடிக்கும் நான்கு சீர், கடைசிக்கு முந்தின அடிக்கு மட்டும் மூன்று. மேலே பாருங்கள், "பெரும்புலர் விடியலும் மாலை", மூன்றே மூன்று. ஆறடிப் பாட்டென்றால் ஐந்து நான்கு இருபது, கூட மூன்று, மொத்தம் 23. மனசுக்குள் சொல்லி விரலில் எண்ணி 23 வரவில்லையா, எங்கேயோ ஒரு சொல்லை விழுங்கிவிட்டீர்கள், திரும்பிப் போய்த் தேடுங்கள். அந்தக் குட்டை அடி சும்மா வைத்தது மாதிரியும் தோன்றவில்லை. ஓடிக்கொண்டிருந்த பாட்டு அங்கே ஒரு சீர் தடுக்கி நிற்கிறது, அப்புறம் கடைசி அடி முழுசாக வந்து விழுகிறது. வாயால் சொன்னால்தான் இது தெரியும்.

சாயங்கால வண்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. புதிதாக எதையும் படிக்காதீர்கள், மூளை அந்நேரம் கடையை மூடியிருக்கும். காலையில் படித்ததைச் சொல்லுங்கள், முடியவில்லையா, தூங்குங்கள். எனக்கு மாதாமாதம் 11-ஆம் தேதி ஒரு ஜிஎஸ்டி ரிட்டர்ன், 20-ஆம் தேதி இன்னொன்று, அந்த வாரங்களில் புதுப் பாட்டே கிடையாது, பழையதைத்தான் ஓட்டுவேன். மார்ச் முழுக்கப் பாட்டுக்கு லீவு. இதற்கெல்லாம் குற்ற உணர்ச்சி வேண்டாம், நாம் பரீட்சைக்கா படிக்கிறோம்?

வேலைக்கு இதனால் என்ன பிரயோஜனம் என்றும் கேட்கிறார்கள். உடனே சொல்லும்படி ஒன்றும் இல்லை. கவனம் கூர்மையாகும், பேச்சு வளமாகும் என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. பாட்டு படித்து எனக்கு இன்கிரிமெண்ட் ஏறவில்லை. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது, எழுதியதை முழுசாகப் படிக்கிறேன். முன்பெல்லாம் ஒரு காண்ட்ராக்டைக் கொடுத்தால் தொகையையும் தேதியையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துக்கு நகர்த்துவேன். இப்போது "நீங்கலாக", "உட்பட" போன்ற சின்னச் சொற்களில் கண் தானாக நிற்கிறது.

முழுசாகப் படிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் குறுந்தொகையிலேயே உதாரணம் உண்டு. "வினையே ஆடவர்க்கு உயிரே" என்ற அடியைக் கேட்டிருப்பீர்கள், ஆணுக்கு வேலைதான் உயிர் என்று மேடையில் முழங்குவார்கள், முன்பு நான் வேலை பார்த்த ஒரு அலுவலகத்தில் சுவரில் சட்டம் போட்டு மாட்டியே வைத்திருந்தார்கள், பாதிப் பேர் பெண்களாக இருந்த அலுவலகம் அது. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் எரியும். பிறகு 135-ஆம் பாட்டை முழுசாக எடுத்தபோதுதான் தெரிந்தது. பாலை பாடிய பெருங்கடுங்கோ பாடியது, நான்கே அடி, பேசுவது தோழி. வேலைதான் ஆணுக்கு உயிர், வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு அந்த ஆண்தான் உயிர் என்று நமக்குச் சொன்னவரே அவர்தானே, அழாதே, அவர் போகமாட்டார் என்று தலைவிக்குச் சமாதானம் சொல்கிறாள். "அழுங்குவர் செலவே", பயணத்தைக் கைவிடுவார், அதுதான் பாட்டின் முடிவு. வேலையே உயிர் என்று சொன்ன ஆள் வேலைக்குப் போவதை நிறுத்திவிடுவார் என்று முடிகிற பாட்டிலிருந்து முதல் அடியை மட்டும் வெட்டி, வேலை பார்க்கிற இடத்தில் மாட்டியிருக்கிறார்கள்! கிளம்பும்போது சொல்லிவிட்டு வந்திருக்கலாம் என்று இப்போதும் தோன்றும்.

முப்பது நாற்பது பாட்டு ஆனபிறகு ஐங்குறுநூற்றுக்குப் போங்கள், இன்னும் சின்னப் பாட்டு, மூன்றடியிலிருந்து ஆறடி. அதில் கடைசி நூறு முல்லை, பேயனார் பாடியது. அந்த நூறுக்குள் "தேர்வியங்கொண்ட பத்து" என்று பத்துப் பாட்டு இருக்கிறது, வேலையை முடித்துவிட்டு வீடு திரும்புகிறவன் தேரோட்டியிடம் சீக்கிரம் ஓட்டப்பா என்று சொல்வதுதான் விஷயம். மாலை ஆறரைக்கு நுங்கம்பாக்கம் பிளாட்பாரத்தில், இரண்டு வண்டி நிற்காமல் போனபிறகு, இதைவிடப் பொருத்தமான இலக்கியம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. அந்தத் தலைவனுக்கு ஒரு வசதி, தேரோட்டியிடம் நேரிலேயே சொல்லலாம்.

எழுதிப் பார்க்க ஆசை வந்தால், வரும், தடுக்காதீர்கள். ஆனால் உணர்ச்சியிலிருந்து தொடங்காதீர்கள். சங்கப் புலவர்களின் வழியை அப்படியே கடன் வாங்கலாம்: ஒரு இடம், ஒரு பொழுது, அங்கே நிஜமாகவே இருக்கிற ஒரு உயிர் அல்லது பொருள், அதற்கு மேல் எதையும் சொல்லாமல் நிறுத்திவிடுவது. நான் சீசன் கவரில் ஒரு நாளைக்கு ஒரு வரி எழுதுகிறேன். "பல்லாவரம், தூறல், எதிர்ப் பிளாட்பாரத்தில் ஒற்றைச் செருப்பு." "கூட்டத்தில் யாரோ எலுமிச்சை சாத டப்பாவைத் திறந்துவிட்டார்கள்." கவிதையா என்றால் இல்லை, ஆனால் பத்து வரிக்கு ஒரு வரி மறுநாளும் நன்றாக இருக்கிறது. ஒரு விளையாட்டாக மின்சார ரயிலுக்கு ஒரு திணை அமைத்துப் பார்த்தேன். பொழுது காலை எட்டு, பறவை மின்கம்பிக் காக்கை, பூ ஈரத் துணிக்குள் முல்லை மொட்டு, தொழில் தூங்குதல். உரிப்பொருள், அதாவது திணைக்கு உரிய மைய உணர்வு, என்ன என்று ரொம்ப நாள் யோசித்தேன். முல்லைக்கு இருத்தல் என்றால் எங்களுக்கு நிற்றல்தான்.

வரும் திங்கட்கிழமை தொடங்குவதாக இருந்தால் 40 வேண்டாம், அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று நினைக்கிறவர்கள் 25 எடுத்துக்கொள்ளுங்கள். கபிலர் பாட்டு, ஐந்து அடி, "யாரும் இல்லை தானே கள்வன்" என்று தொடங்கும். நான்காவது அடியில் மூன்று சீர், மொத்தம் 19 வருகிறதா என்று எண்ணிக்கொள்ளுங்கள். குருகு என்றால் கொக்கு, அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தப் பாட்டில் சாட்சி அதுதான், சாட்சி யாரென்று தெரியாமல் வழக்கைக் கேட்க முடியாது. "ஆரல்" என்று ஒரு சொல் வரும். அதை இப்போதே போனில் தேடாதீர்கள், புதன்கிழமை வரைக்கும் சஸ்பென்ஸில் இருக்கட்டும்.